கோரையின் உயிர் கிழங்கில்

களைச்செடிகள் நிலத்தில் நிலைத்திருக்க இரண்டு வழிகள் உண்டு. குப்பைமேனி, சாரணை, பார்த்தீனியம் போன்றவை விதையை நம்பியவை. ஒரு பட்டத்துக்குள் முளைத்துப் பூத்து, விதையை உதிர்த்துவிட்டு மடிந்துபோகும். கோரையும் அருகும் மண்ணுக்கடியில் கிழங்கிலோ தண்டிலோ உணவைச் சேர்த்து வைக்கின்றன. மேலே எத்தனை முறை வெட்டினாலும் அந்தக் கையிருப்பைச் செலவழித்து மறுபடி தழைக்கின்றன. வேளாண் நூல்கள் இவற்றைப் பல்லாண்டுக் களைகள் என்கின்றன. ரசாயனக் களைக்கொல்லியைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்த உழவரை மிகவும் சோர வைப்பவை இவைதான்.

விதைக்களைகளும் லேசுப்பட்டவை அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879-ல் 21 இனங்களின் விதைகளை மணலோடு கலந்து, 20 குப்பிகளில் இட்டு மண்ணில் புதைத்தார். மண்ணுக்குள் விதை எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும் என்று தெரிந்துகொள்வது நோக்கம். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு குப்பி தோண்டி எடுக்கப்படுகிறது. 2021-ல் எடுத்த குப்பியில், புதைத்து 141 ஆண்டுகள் கழிந்த பிறகும் விதைகள் முளைத்தன. அவ்வளவு நீண்ட ஆயுள் எல்லா விதைக்கும் வாய்ப்பதில்லை. பெரும்பாலானவை சில ஆண்டுகளில் முளைத்தோ மக்கியோ தீர்கின்றன. பூப்பதற்குள் வெட்டினால் விதைக்களை அத்தோடு முடிந்தது. விதைப்புக்கு முன்னரே தண்ணீர் கட்டி, முளைத்து வந்ததை மேலோட்டமாக உழுது அழித்துவிட்டு, அதன்பின் பயிரை விதைத்தால் பாதிச் சுமை குறையும். பல்லாண்டுக் களையிடம் இந்தக் கணக்கு செல்லாது.

அவற்றில் தலையாயது கோரை. சைபீரஸ் ரொட்டண்டஸ் என்பது இதன் தாவரவியல் பெயர். பாய் நெய்யப் பயன்படும் கோரை இதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு செடி. லீராய் ஹோல்மும் உடன் ஆய்வாளர்களும் 1977-ல் உலகின் கொடிய களைகளைப் பற்றி எழுதிய நூலில், 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் 52 பயிர்களில் புகுந்திருப்பதாகக் காட்டி, கோரைக்கே முதலிடம் தந்தனர். அது பறிக்கும் விளைச்சல் பயிருக்குப் பயிர் மாறுபடும். பிரேசிலில் நடந்து 1975-ல் வெளியான ஆய்வொன்றில், கோரையைக் களையெடுக்காமல் விட்ட நிலத்தில் பூண்டு விளைச்சல் 89 சதவீதமும், வெண்டை 62 சதவீதமும், தக்காளி 53 சதவீதமும் குறைந்தன.

மண்ணுக்கு மேலே கோரை எளிய செடி. மூன்று பட்டையுள்ள தண்டு, பளபளக்கும் கரும்பச்சை இலைகள், உச்சியில் செம்பழுப்புப் பூங்கதிர். அதன் விதைகளில் முளைப்பவை மிகச் சொற்பம். பெருக்கமெல்லாம் நிலத்துக்கு அடியில்தான் நடக்கிறது. ஒரு கிழங்கு முளைக்கும்போது மெல்லிய தண்டு மேல்நோக்கி வந்து, மண்பரப்புக்குச் சற்றுக் கீழே குமிழாகப் பருக்கிறது. அந்தக் குமிழிலிருந்து இலைகள் மேலேயும் வேர்கள் கீழேயும் போக, பக்கவாட்டில் கிடைத்தண்டுகள் ஓடுகின்றன. ஓடிய தண்டின் நுனி மேலே திரும்பினால் புதிய செடி, அங்கேயே பருத்தால் புதிய கிழங்கு. அந்தக் கிழங்கிலிருந்து இன்னொரு தண்டு ஓடி அடுத்த கிழங்கை உண்டாக்கும். ஒரு செடியைப் பக்குவமாகத் தோண்டிப் பார்த்தால் நூலில் கோத்த மணிகளைப் போலக் கிழங்குகள் தொடராக வரும். முளைத்த மூன்று நான்கு வாரங்களிலேயே புதிய கிழங்கு உருவாகத் தொடங்கிவிடுகிறது. தடையில்லாமல் வளர விட்டால் மூன்று மாதத்தில் ஒரு கிழங்கு நூறை நெருங்கும். இவற்றில் பெரும்பகுதி மேல்மண்ணின் 15 செ.மீ. ஆழத்துக்குள் இருக்கும். கொஞ்சம் ஓர் அடிவரையும் இறங்கும்.

கிழங்கின் அமைப்பில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. ஒவ்வொரு கிழங்கிலும் பல மொட்டுகள் உண்டு. ஒன்று முளைத்து, அந்த முளை வெட்டுப்பட்டால் அடுத்தது விழிக்கும். அதனால் ஒரே கிழங்கு பலமுறை முளைக்க முடியும். ஆனால் ஒவ்வொரு முறையும் மாவுச்சத்து கரைகிறது, அடுத்த முளை மெலிகிறது. இரண்டாவது செய்தி, தொடராக இணைந்திருக்கும் கிழங்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. நுனியிலுள்ள கிழங்கு முளைவிட, பின்னால் உள்ளவை அதன் அடக்குதலால் உறங்கிக் கிடக்கின்றன. இணைப்பு அறுந்தால் உறக்கம் கலைந்து ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தழைக்கும்.

ஒரு சால் உழவு கோரையைப் பெருக்குவது இதனால்தான். ஈர மண்ணில் ரோட்டவேட்டர் ஓட்டினால் நிலம் அன்றைக்குச் சுத்தமாகத் தெரியும். அதன் கத்திகள் கிழங்குத் தொடர்களை வெட்டி, உறங்கிய கிழங்குகளையெல்லாம் எழுப்பி, வயல் முழுக்கச் சீராகப் பரப்பிவிடுகின்றன. இரண்டு வாரத்தில் முன்பு திட்டுத்திட்டாக இருந்த கோரை ஒரே விரிப்பாக எழும்பும். களைக்கொத்தால் கழுத்தில் வெட்டுவதும் ஒருமுறையோடு நின்றால் அதே கதைதான். உழவு தவறான கருவியாகிவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். அந்த முடிவு அவசரமானது. கிழங்குகளை எழுப்பிவிட்ட உழவு, எழுந்த முளைகள் புதிய கிழங்கு வைப்பதற்கு முன் மறுபடி வந்தாக வேண்டும். அப்படி வந்தால், முதல் உழவு செய்த கெடுதலே நன்மையாகிவிடும். உறங்கும் கிழங்கு எதையும் செலவழிப்பதில்லை, முளைக்கும் கிழங்குதான் செலவழிக்கிறது.

இதன் பின்னால் உள்ள கணக்கை சுவீடனின் சிகுர்ட் ஹாகன்சன் 1960-களில் அங்கே வயல்களைப் பிடித்திருந்த ஒரு கிடைத்தண்டுப் புல்லை வைத்து அளந்து காட்டினார். முளைவிட்ட நாளிலிருந்து புல்லின் நிலத்தடித் தண்டு எடை குறைந்துகொண்டே போகிறது. இலைகள் விரிந்து ஒளிச்சேர்க்கை செய்து, எடுத்ததைத் திருப்பிப் போடத் தொடங்கும் ஒரு கட்டம் வருகிறது. அந்தப் புல்லுக்கு அது மூன்று நான்கு இலைப் பருவம். கையிருப்பு அப்போதுதான் மிகக் குறைந்திருக்கும். அதற்கு முன்பே வெட்டினால் இன்னும் செலவழியாத உணவு தண்டில் மிஞ்சும், தாண்டவிட்டால் செலவழிந்தது நிரம்பிவிடும். பல்லாண்டுக் களைகள் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு தாழ்நிலை உண்டு. எந்தக் கருவியால் வெட்டுவது என்பதைவிட எந்த நாளில் வெட்டுவது என்பதே இவற்றிடம் பெரிய கேள்வி.

கோரைக்கு அந்த நாளை வேறு ஆய்வாளர்கள் முன்னரே தேடியிருந்தனர். பம்பாய் மாகாண வேளாண் துறையில் ரானடேயும் பர்ன்ஸும் கோரையின் நிலத்தடி அமைப்பையும் அழிக்கும் வழியையும் விரிவாக ஆராய்ந்து 1925-ல் ஒரு நூலளவு ஆய்வேடு வெளியிட்டனர். அமெரிக்காவின் அலபாமாவில் ஸ்மித்தும் மேட்டனும் கோரை மண்டிய நிலத்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறையோ அதற்குக் குறைந்த இடைவெளியிலோ உழுது பார்த்தனர். வளர்பருவங்கள் இரண்டு தொடர்ந்து அப்படிச் செய்த நிலத்தில் கோரை ஒழிந்தது என்று 1938-ல் அறிவித்தனர். புதிய கிழங்கு உருவாக எடுக்கும் காலமும் அந்த மூன்று வாரமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. 1940-களில் 2,4-டி போன்ற களைக்கொல்லிகள் சந்தைக்கு வந்தபின், செடியின் பழக்கவழக்கத்தை இப்படி உட்கார்ந்து கவனிக்கும் ஆய்வுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. களைக்கொல்லி இல்லாமல் பயிர் செய்கிறவர்களுக்கு இன்று மிகவும் உதவுபவை அந்தப் பழைய ஆய்வுகள்தான் என்பதால், அவை மறக்கப்பட்டது பெரிய இழப்பு.

ஆனால் இரண்டு ஆண்டுகள் வெற்று நிலத்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை உழுதுகொண்டே இருப்பது இயற்கை வேளாண்மைக்கு ஒவ்வாதது. மக்கு கரைந்து போகும், மண்புழு குறையும், மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும், வருமானமும் நின்றுவிடும். ஆகவே உழவை அது மிகவும் பலிக்கும் மாதங்களுக்கு மட்டும் ஒதுக்கி, மற்ற மாதங்களில் அதே பட்டினியை வேறு வழியில் தொடர வேண்டும். தமிழக நிலங்களுக்கு அந்த மாதங்கள் பங்குனி, சித்திரை, வைகாசி. மற்ற வழி நிழல்.

கோடை உழவு கோரையை இரண்டு விதத்தில் தாக்குகிறது. வெளியே வந்த கிழங்கைக் காய வைக்கிறது, உள்ளே இருப்பதை முளைக்க வைத்துச் செலவழிக்கிறது. கிழங்கின் ஈரப்பதம் சுமார் 15 சதவீதத்துக்குக் கீழே போனால் அது பிழைப்பதில்லை. கத்திரி வெயிலில் மண்ணின் மேல் கிடக்கும் கிழங்கு அந்த அளவுக்கு வற்றச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். இதற்கு ஏற்றது கொக்கிக் கலப்பை. அது தொடரை நறுக்காமல் இழுத்து மேலே போடுகிறது. அறுவடை முடிந்து மண்ணில் சிறிது ஈரம் இருக்கும்போதே முதல் சால் ஓட்டினால் கிழங்குகள் எளிதாக வெளியே வரும். கரிசலில் காய்ந்தபின் உழுதால் பாறை போன்ற கட்டிகள் பெயரும். கட்டிக்குள் சிக்கிய கிழங்கு பல வாரம் ஈரத்தோடு இருக்கும் என்பதால் அங்கே குறுக்கு உழவு கட்டாயம். செம்மண்ணில் இந்தத் தொல்லை குறைவு. மேலே வந்த கிழங்குகளை வாரி எடுக்கவும் முடிந்தால் பலன் இரட்டிப்பாகும். சித்த மருத்துவத்தில் பயன்படும் சரக்கு என்பதால் நாட்டுமருந்துக் கடைகளில் உலர்ந்த கோரைக்கிழங்கு விற்பனைக்கு இருக்கிறது.

இடையில் கோடை மழை பெய்தால் உழவர் மனம் தளர்வது இயல்பு. மழைக்குப் பின் வயல் மீண்டும் பச்சைப் பிடிக்கும். உண்மையில் அந்த மழையும் உழவருக்கே சாதகம். வறட்சியில் உறங்கிய கிழங்குகளை அது முளைக்க வைக்கிறது. பதினைந்து இருபது நாளுக்குள் அடுத்த சால் ஓட்டினால் அந்த முளைகளுக்குச் செலவான உணவு திரும்பக் கிழங்குக்குப் போகாது. கிணற்றுப் பாசன நிலங்களில்தான் கோடை உழவு கடினம். தண்ணீர் இருக்கும்போது நிலத்தைச் சும்மா போடக் கை வராது. ஆண்டு முழுதும் காயாத தோட்டக்காலில் கோரை நிலைகொண்டிருப்பதற்குப் பெரிய காரணம் அந்த இடைவிடாத ஈரமே. ஒரு கோடைக்கேனும் அந்தத் துண்டுக்கு நீரை நிறுத்தாமல் அங்கே கோரையைக் குறைப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

நிழலுக்கு வருவோம். கோரை, சோளம், கரும்பு போன்ற செடிகளின் ஒளிச்சேர்க்கை சி4 எனப்படும் வகையைச் சேர்ந்தது. கடும் வெயிலிலும் வெப்பத்திலும் இவை பிற செடிகளைவிட வேகமாக உணவு தயாரிக்கும். அதே அமைப்பு நிழலில் பலமிழந்துவிடுகிறது. குட்டையான கோரை தன்னைவிட உயர்ந்த செடிகளின் கீழே சிக்கினால், இலை நீளுமே தவிரக் கிழங்கு வைப்பது வெகுவாகக் குறையும். உழவால் மெலிந்த கிழங்கிலிருந்து வரும் முளை நிழலில் மாட்டினால் அது தாய்க்கிழங்கின் கடனை அடைக்க முடியாமல் மடியும்.

அதனால் ஆடிப்பட்ட மழைக்கு அடர்த்தியாகச் சணப்பு, தக்கைப்பூண்டு, தட்டைப்பயறு, தீவனச்சோளம் போன்றவற்றை வழக்கமான அளவைவிடக் கூடுதல் விதையோடு தூவுவது கோடை உழவின் தொடர்ச்சியாக அமைகிறது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் பரப்பிய பலதானிய விதைப்பும் இந்த வேலையைச் செய்யும். தானியம், பயறு, எண்ணெய்வித்து, நறுமணப்பயிர், பசுந்தாள் என ஐந்து வகையிலும் பல விதைகளைக் கலந்து விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழும் அந்த முறையை மண்வளத்துக்காகவே எல்லோரும் அறிவர். உயரமும் இலையமைப்பும் வேறுபட்ட செடிகள் கலந்து நிற்பதால் ஒளி தரையை எட்டுவது அரிது என்பது அதன் களைக்கட்டுப்பாட்டுப் பலன். இதில் வெற்றி தோல்வியை முடிவு செய்வது முதல் மூன்று வாரம். பச்சை மூடுவதற்குள் கோரை முந்திக்கொண்டால் பசுந்தாள் பயிரே அதற்குக் காவலாகிவிடும். முளைத்த கோரையை விதைப்புக்கு ஓரிரு நாள் முன்பு உழுது புரட்டிவிட்டு, அந்த ஈரத்திலேயே விதைத்தால் பயிருக்கு முந்துதல் கிடைக்கும்.

பயிர் சுழற்சியிலும் இதே அளவுகோல்தான். சின்ன வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி, கேரட் ஆகியவற்றின் இலைகள் கடைசிவரை தரையை மூடுவதில்லை. கோரை உள்ள துண்டில் இவற்றைப் போடுவது நட்டத்தைத் தானே அழைப்பது. பிரேசில் ஆய்வில் பூண்டு அந்த அளவுக்கு அடிவாங்கியதன் காரணமும் இதுவே. சர்க்கரைவள்ளி, பூசணி, தட்டைப்பயறு போன்ற படர்பயிர்கள் தாக்குப்பிடிக்கும். அமெரிக்காவின் தென் கரோலினாவில் நடந்த ஆய்வுகளில், ரீகல் என்ற சர்க்கரைவள்ளி ரகம் கோரையின் நெருங்கிய உறவான மஞ்சள் கோரையின் வளர்ச்சியை வெகுவாக அடக்கியது. நிழலோடு அதன் வேரிலிருந்து வரும் பொருள்களும் அதில் பங்கு பெற்றன.

நஞ்சையில் தேங்கும் நீர் இன்னொரு தடை. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சாதாரணக் கோரைக்கிழங்கு முளைப்பதில்லை, முளைத்தாலும் தழைப்பதில்லை. ஆகவே காய்கறியையும் நெல்லையும் மாற்றி மாற்றிப் பயிரிடும் நிலத்தில் கோரை ஓரளவு அடங்கியிருக்கும். ஆனால் நீர் வடிந்தபின் எழும்பும் கிழங்குகள் பல. பிலிப்பைன்ஸில் நெல்லும் வெங்காயமும் மாறி மாறி விளையும் வயல்களில், பெரிய கிழங்கோடு, நீர் நின்ற மண்ணிலும் முளைக்கும் தனிவகைக் கோரையே தோன்றியிருக்கிறது. ஒரே முறையை ஆண்டாண்டாகத் திருப்பிச் செய்தால் களை அதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூடாக்கு பற்றி இயற்கை உழவர்களிடையே பெரிய நம்பிக்கை உண்டு. விதைக்களைகளைப் பொறுத்தவரை அது நியாயமான நம்பிக்கை. கரும்புத் தோகையோ வைக்கோலோ அரையடி கனத்துக்குப் போட்டால் சிறு விதையிலிருந்து வரும் நாற்று ஒளியைக் காணாமல் இறந்துபோகும். கோரை முளைக்குப் பின்னால் ஒரு கிழங்கின் முழு உணவு இருக்கிறது. ஊசி போன்ற நுனியோடு அது மூடாக்கைத் துளைத்து மேலே வரும். அதோடு, மூடாக்கின் கீழுள்ள குளிர்ந்த ஈர மண் கிழங்கு காயாமல் பாதுகாக்கிறது. கோரை மண்டிய நிலத்தில் முதல் நாளே மூடாக்குப் போட்டவர்கள் ஏமாந்துபோவதற்கு இதுவே காரணம். கிழங்குகளை உழவாலும் நிழலாலும் மெலிய வைத்த பிறகு போடும் மூடாக்கு, எஞ்சிய பலவீனமான முளைகளை நன்றாகவே தடுக்கும். மூடாக்கைக் குறை சொல்வதற்கு இல்லை, அதன் முறை வருவதற்குள் போட்டதுதான் பிழை.

பிளாஸ்டிக் விரிப்பில் ஒரு விந்தையான உண்மை உண்டு. கறுப்புத் தாளைக் கோரை துளைக்கிறது, ஒளிபுகும் தாளை அந்த அளவுக்குத் துளைப்பதில்லை. இருட்டில் எழும்பும் முளையின் இலைகள் விரியாமல் ஒன்றோடொன்று சுருண்டு கூராகவே இருக்கும். ஒளி பட்டதும்தான் அவை விரியும். கறுப்புத் தாளின் கீழ் ஒளி இல்லாததால் அந்தக் கூர்முனை நேராகத் தாளைக் குத்தி வெளியேறிவிடுகிறது. ஒளிபுகும் தாளின் கீழே முளை மண்ணைத் தாண்டியதுமே இலையை விரித்துவிடும், விரிந்த இலையால் தாளைக் கிழிக்க முடியாது, உள்ளே சேரும் வெப்பத்தில் கருகும். சூரிய வெப்பமூட்டல் என்ற பெயரில் கோடையில் ஈர மண்ணை ஒளிபுகும் தாளால் மூடும் முறை இதனால் ஓரளவு உதவுகிறது. மேல் சில அங்குலத்துக்குக் கீழே உள்ள கிழங்கைக் கொல்லும் அளவுக்கு வெப்பம் இறங்குவதில்லை. பகலிரவு வெப்ப ஏற்ற இறக்கம் அவற்றை முளைக்கவே தூண்டும். நாற்றங்கால் அளவுக்கு இது சரி, ஏக்கர் கணக்கில் கட்டுப்படியாகாது.

களைக்கொல்லிக்கு மாற்று என்று கல்லுப்பு, கோமியம், சுண்ணாம்பு, எலுமிச்சைச் சாறு, சோப்புக் கரைசல் முதலியவற்றைக் கலந்து தெளிக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. தெளித்த மறுநாள் இலை கருகுவது உண்மை. உப்பும் அமிலமும் பட்ட இடத்துத் திசுவின் நீரை உறிஞ்சியும் சவ்வைச் சிதைத்தும் எரிக்கின்றன. அவை செடிக்குள் பயணித்துக் கிழங்கை எட்டுவதில்லை. கோரையைப் பொறுத்தவரை இது இலையை அரிவாளால் அறுத்ததற்குச் சமம். இரண்டு வாரத்தில் அடுத்த மொட்டு விழிக்கும். ஆனால் அரிவாள் விட்டுச்செல்லாத ஒன்றை உப்பு விட்டுச்செல்கிறது. அதிலுள்ள சோடியம் களிமண் துகள்களின் பிணைப்பைக் குலைத்து மண்ணை இறுக்குகிறது, நீர் இறங்குவதைத் தடுக்கிறது, பயிரின் வேரையும் நுண்ணுயிரையும் வாட்டுகிறது. மழை குறைந்த பகுதிகளில் அது கழுவிப்போகவும் வழியில்லை. மண்ணைக் காப்பதற்காக ரசாயனத்தை விட்டவர்கள் அதே மண்ணில் உப்பைக் கொட்டுவது வேதனைக்குரியது. நடைபாதைக் கல்லிடுக்கில் தவிர வேறெங்கும் இதைப் பயன்படுத்த நியாயமில்லை.

கால்நடையின் உதவி சிறிதானாலும் உண்மையானது. பன்றி கோரைக்கிழங்கைத் தேடிக் கிண்டித் தின்னும். ஆட்டுக் கிடை இளம் இலைகளை மேய்ந்து, இன்னொரு வெட்டுக்கு நிகரான வேலையைச் செய்யும். பூச்சிகளைக் கொண்டு கோரையை அடக்கும் முயற்சி ஹவாயில் 1920-களிலேயே நடந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து தண்டு துளைக்கும் அந்துப்பூச்சி ஒன்றும் கூன்வண்டு ஒன்றும் கொண்டுவந்து விடப்பட்டன. அவை நிலைத்தாலும் கோரை குறையவில்லை. மேலே தின்னும் பூச்சியால் கீழேயுள்ள கையிருப்பைத் தீர்க்க முடியவில்லை.

பிள்ளையாருக்குச் சாற்றும் அருகம்புல்லும் வயலில் இதே அளவு பிடிவாதம் காட்டும். தரைமேல் ஓடும் கொடித்தண்டு, மண்ணுக்கடியில் ஓடும் கிடைத்தண்டு என இரண்டையும் அது வைத்திருக்கிறது. கணு ஒவ்வொன்றிலும் ஒரு மொட்டு உண்டு. இதற்கும் நிழல் ஆகாது. கோரையிலிருந்து அது வேறுபடும் இடம், உணவை உருண்டைக் கிழங்கில் அடைக்காமல் மெல்லிய தண்டு நெடுக வைத்திருப்பது. நறுக்கிய துண்டில் கையிருப்பு கொஞ்சமே இருக்கும், வெயிலில் விரைவாகக் காய்ந்தும் போகும். அதனால் கோடை உழவு கோரையைவிட அருகம்புல்லிடம் நன்றாகப் பலிக்கிறது. மழைக்காலத்தில் நறுக்கினால் ஒவ்வொரு கணுவும் வேர்விட்டு வயலை நிறைக்கும். அருகம்புல் உள்ள நிலத்தில் ஈரத்தோடு ரோட்டவேட்டர் இறக்கக் கூடாது. உழுதபின் பரம்பாலோ பல்லுக் கலப்பையாலோ தண்டுகளை வாரி வரப்பில் குவிக்காமல், வெளியே கொண்டுபோய் உலர்த்திவிட வேண்டும். வரப்பில் குவித்தது அடுத்த மழைக்கு வயலுக்குள் இறங்கிவிடும்.

சோளத்தையும் கரும்பையும் பிடிக்கும் சுடுமல்லியின் பிடிவாதம் முற்றிலும் வேறு வகை. அது ஓர் ஒட்டுண்ணி. தூசி போன்ற அதன் விதைகளை ஒரு செடி பல்லாயிரக் கணக்கில் உதிர்க்கும், அவை மண்ணில் பத்து ஆண்டுக்கு மேலும் காத்திருக்கும். சுடுமல்லி விதை ஈரம் கிடைத்ததும் முளைத்துவிடுவதில்லை. பக்கத்தில் ஒரு வேர் இருக்கிறது என்பதை அந்த வேர் கசியவிடும் வேதிப்பொருளால் உணர்ந்தபின்தான் முளைக்கிறது. முளைத்துச் சில நாளுக்குள் சோளவேரில் ஒட்டாவிட்டால் பட்டினியில் மடியும். அந்த வேதிப்பொருள்களில் முதலாவதாக 1966-ல் பிரித்தெடுக்கப்பட்ட ஸ்ட்ரைகால் கிடைத்தது பருத்தி வேரிலிருந்து. பருத்தியில் சுடுமல்லி ஒட்டுவதில்லை. எனவே பருத்தி போட்ட வயலில் விதைகள் ஏமாந்து முளைத்துச் செத்துப்போகின்றன. சோளத்துக்கு முன் பருத்தியோ தட்டைப்பயறோ பயிரிடச் சொல்வதன் பொருள் இதுதான். கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரைப் பகுதி உழவர்கள் மக்காச்சோளத்துக்கு இடையே டெஸ்மோடியம் என்ற பயறுவகைக் கொடியை வளர்த்து, சுடுமல்லியின் உறவான களையை இதே போல அடக்குகிறார்கள். மண்ணுக்கு மேலே பூவோடு தெரியும்போது சுடுமல்லி செய்ய வேண்டிய கெடுதலைச் செய்து முடித்திருக்கும். அப்போது பிடுங்குவது அந்த ஆண்டுப் பயிருக்கு உதவாது. விதை விழாமல் தடுக்கும் என்பதால் பிடுங்கியே ஆக வேண்டும்.

இவையெல்லாம் ஏற்கெனவே வந்துவிட்ட களைக்கு. கோரை ஒரு நிலத்துக்குப் புதிதாக வரும் வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஏரி, குளங்களில் அள்ளும் வண்டல் மண்ணோடு வரும். நாற்றுப் பைகளின் மண்ணில் வரும். மஞ்சள், இஞ்சி விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணில் வரும். வாடகை டிராக்டரின் கலப்பையில் அப்பிய சேற்றோடு வரும். கடைசி வழியே மிக அதிகம், மிக எளிதாகத் தடுக்கக்கூடியதும் அதுதான். வயலுக்குள் இறங்குவதற்கு முன் கலப்பையைக் கழுவிவிட்டால் போதும். பச்சைச் சாணக் குப்பையில் வரும் களை விதைகளை, குவியலைச் சூடேற விட்டு இரண்டு மூன்று முறை புரட்டி மக்க வைத்தால் பெரும்பாலும் கொன்றுவிடலாம்.

இந்தியாவின் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின்படி, ரசாயனத்தை விட்ட நிலம் ஓராண்டுப் பயிர்களுக்கு அங்ககச் சான்று பெற இரண்டு ஆண்டு மாறுகாலத்தைக் கடக்க வேண்டும். இயற்கை விளைபொருளுக்கான விலை கிடைக்காத அந்த இரண்டு ஆண்டும் வீண் என்றே பலர் நினைக்கிறார்கள். அலபாமா ஆய்வில் கோரை ஒழிய எடுத்ததும் இரண்டு வளர்பருவம்தான். இரண்டு கோடை உழவு, அவற்றுக்கு நடுவே இரண்டு அடர்ந்த பசுந்தாள் அல்லது படர்பயிர், இடையில் வெங்காயம் போன்ற எதையும் வைக்காத கட்டுப்பாடு என்று அந்தக் காலத்தைத் திட்டமிட்டால், சான்று கைக்கு வரும்போது களையெடுக்கும் கூலி தாங்கும் அளவுக்கு இறங்கியிருக்கும். சான்று கிடைத்த பிறகு, விலையுள்ள பயிர் நிற்கும் வயலில் இந்த வேலையைத் தொடங்குவது பல மடங்கு செலவாகும்.

குறைகிறதா என்பதை மேலே தெரியும் இலையைக் கொண்டு கணிக்கக் கூடாது. வயலில் ஐந்தாறு இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சதுர அடியை அரையடி ஆழத்துக்குத் தோண்டி, உயிருள்ள கிழங்குகளை எண்ணி எழுதிவைக்க வேண்டும். உயிருள்ள கிழங்கு வெட்டினால் உள்ளே வெண்மையாக உறுதியாக இருக்கும், செத்தது கறுத்துச் சுருங்கியிருக்கும். ஆண்டுக்கொரு முறை கோடை உழவுக்கு முன் அதே இடங்களுக்குப் பக்கத்தில் எண்ணினால் முறை பலிக்கிறதா என்று தெரிந்துவிடும். எண்ணிக்கை வெகுவாகக் குறைந்து, வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொத்துகள் மட்டும் எஞ்சும் கட்டத்தில்தான் பெரும்பாலோர் கவனத்தை விடுகிறார்கள். விட்ட மூன்றே மாதத்தில் ஒன்று நூறாகிவிடும். அந்தக் கட்டத்தில் உழவு வேண்டியதில்லை. மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும் நாளில் ஒவ்வொரு கொத்தையும் சுற்றி ஓரடி விட்டத்துக்கு மண்வெட்டியால் பெயர்த்து, தொடர் அறுபடாமல் கிழங்குகளைப் பொறுக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் குச்சி ஊன்றி வைத்து, மூன்று வாரம் கழித்து மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.